விளையாடும் விரலும் படைக்கும் விரலும்

ஆனி மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டி வீசத் தொடங்கிவிட்டால், தென்காசி வீடுகளில் விருந்தினர் வருகையும் தொடங்கிவிடும். மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்குவார்கள். ஃபஜ்ரு தொழுத கையோடு குற்றாலத்துக்குப் புறப்பட்டு, கூட்டம் சேருமுன் பேரருவியிலோ ஐந்தருவியிலோ குளித்துத் திரும்புவார்கள். கடந்த சாரல் பருவத்தில் நாமும் அவ்வாறே தென்காசியில் ஓர் உறவினர் இல்லத்தில் இரண்டு நாள்கள் தங்கியிருந்தோம்.

முதல் நாள் அஸருக்குப் பின் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது மாடி அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தொண்ணூறுகளில் வளர்ந்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் சத்தம் அது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, 'கேசட்' எனப்பட்ட பெட்டியை ஊதிச் சொருகி விளையாடிய பழைய வீடியோ கேமின் கீச்சுக் குரல். வீட்டுத் தலைவர் சலிப்புடன் தலையசைத்தார். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் இன்னும் விளையாட்டை விடவில்லை என்பது அவரது மனக்குறை. "காலேஜ் போன பிறகும் கேம்தான். ஃபஜ்ருக்கு எழுப்பினா எந்திரிக்க மாட்டான்" என்றார்.

நாம் மேலே சென்று பார்த்தோம். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கவில்லை. மடிக்கணினிக்கு முன்னால் மென்மையான கறுப்பு ரப்பர் போர்த்திய ஒரு பலகை இருந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகளைப் போன்ற மேடுகள் அதில் தெரிந்தன. ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பிளவு இல்லை. அவன் ஒரு விரலை அழுத்தி மெல்ல அசைத்தான். பழைய கேமின் அதே மெல்லிய ஓசை, மனிதக் குரல்போல நெளிந்து ஏறி இறங்கியது. பல வாரங்களாக அவன் விளையாடவில்லை, இசை அமைத்துக்கொண்டிருந்திருக்கிறான். நம்மைக் கண்டதும் அவன் சொன்ன முதல் சொல் இதுதான்: "மாமா, வாப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ஒரு வாக்கியம். பெற்றோர் தன்னை விளையாட்டுப் பித்தன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, தான் ஒன்றை உருவாக்குவது தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு பிள்ளை அஞ்சுகிறான் என்றால், பிழை அவனிடம் மட்டும் இருக்க இயலாது. நம் வீடுகளில் எங்கோ ஒரு கதவு தவறான பக்கம் பூட்டப்பட்டிருக்கிறது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஒன்றைப் பற்றி முடிவு சொல்வதற்கு முன் அது இன்னதென்று அறிந்துகொள்வது நியாயம். ஆகவே முதலில் அந்தக் கீச்சுக் குரலின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1978-இல் ஜப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் கீழ்நோக்கி இறங்கும் நான்கு சுரங்கள் மட்டுமே திரும்பத் திரும்ப ஒலித்தன. எதிரிகள் நெருங்க நெருங்க அந்த நான்கும் வேகமெடுத்தன. ஆடுபவரின் நெஞ்சுத் துடிப்பை வேகப்படுத்த அதுவே போதுமாயிருந்தது. 1983-இல் நிண்டெண்டோ நிறுவனம் வீடுகளுக்கான 'ஃபாமிகாம்' கருவியை வெளியிட்டது. நம் ஊர்க் கடைகளில் மலிவு விலையில் விற்ற பல டிவி கேம்கள் அதன் நகல்களே. அதன் சில்லில் ஒலிக்கென்று ஐந்து தடங்கள் மட்டுமே இருந்தன. இரண்டு தடங்கள் சதுர அலைகளை எழுப்பும். கேமின் மெட்டு பெரும்பாலும் இவற்றில்தான் ஓடும். மூன்றாவது முக்கோண அலை; அது அடித்தளச் சுரங்களுக்கு உரியது. நான்காவது வெறும் இரைச்சல். அதைக் கொண்டு தாளமும் வெடியோசையும் செய்வார்கள். ஐந்தாவது, பதிவு செய்த சிறு ஒலித்துணுக்கு ஒன்றைக் கரகரப்பாக ஒலிக்கச் செய்யும்.

இந்த ஐந்துக்கும் வரம்புகள் மிகக் கடுமையானவை. சதுர அலையின் உரப்பில் 16 நிலைகள் மட்டுமே உண்டு. முக்கோண அலைக்கோ அதுவும் இல்லை. ஒலிக்கும் அல்லது ஒலிக்காது, அவ்வளவே. ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். மூன்று சுரங்கள் சேர்ந்த ஒலி வேண்டுமானால் அந்த மூன்றையும் கண்ணிமைக்கும் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, காதை நம்பவைக்க வேண்டும். பழைய கேம் இசையில் கேட்கும் அந்தக் 'கிலுகிலு' ஓசை அவ்வாறு பிறந்ததே. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ' விளையாட்டுக்குக் கோஜி கொண்டோ அமைத்த இசை இத்தனை வறுமைக்குள் நின்றுதான் உலகெங்கும் சென்றது.

குற்றாலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே மலையிலிருந்து வரும் நீர் ஐந்தருவியில் ஐந்து கிளைகளாய்ப் பிரிந்து விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பருமன், ஒரு வேகம், ஒரு குரல். எதிரே நிற்பவனுக்கு அவை அனைத்தும் சேர்ந்து ஓர் அருவியாகவே கேட்கின்றன. அந்தச் சில்லின் இசையும் அப்படித்தான். தனித்தனியே கேட்டால் ஐந்து ஏழைக் குரல்கள். சேர்ந்தால் ஓர் உலகம்.

விரல் செய்யும் வேலை

அந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் ஒரு சுரத்தை நெளியச் செய்ய விரும்பினால் அதை எண்களாக எழுத வேண்டியிருந்தது. இத்தனையாவது கணத்தில் சுருதியை இவ்வளவு ஏற்று, அடுத்த கணத்தில் இவ்வளவு இறக்கு என்று, ஒரு நொடியை 60 கூறுகளாக்கி ஒவ்வொரு கூறுக்கும் கட்டளை எழுதினார்கள். இன்றும் அந்த முறையைப் பின்பற்றுவோர் உண்டு.

நாம் கண்ட ரப்பர் பலகை அந்த வேலையை விரலிடம் ஒப்படைக்கிறது. அதற்கென்று சொந்தக் குரல் இல்லை. விரல் எவ்வளவு வேகமாகப் பட்டது, எவ்வளவு அழுத்துகிறது, இடமும் வலமும் எவ்வளவு நகர்ந்தது, முன்னும் பின்னும் எவ்வளவு சறுக்கியது, எப்படி எடுக்கப்பட்டது என்று ஐந்து செய்திகளைக் கணினிக்கு அனுப்புவது மட்டுமே அதன் பணி. ஒலியை எழுப்புவது கணினியில் உள்ள மென்பொருள்.

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் 'மிடி' என்னும் மொழி 1983-இல் வந்தது. ஃபாமிகாம் பிறந்த அதே ஆண்டு. ஆனால் அந்த மொழியை வழக்கமான முறையில் பயன்படுத்தும்போது ஒரு குறை இருந்தது. ஒரே நேரத்தில் மூன்று சுரங்களை வாசித்துக்கொண்டு சுருதியை வளைத்தால் மூன்றும் சேர்ந்தே வளையும். ஒன்றை மட்டும் தனியே வளைக்க இயலாது. ஒவ்வொரு விரலுக்கும் தனி வழி ஒதுக்கி இக்குறையை நீக்கும் 'எம்.பி.இ.' என்னும் முறை 2018-இல் தரமாக ஏற்கப்பட்டது. அதன் பயனாக ஒரு விரல் அசையாமல் நிற்க, அடுத்த விரல் மட்டும் குழைந்து செல்ல முடிகிறது.

இது நம் காதுகளுக்கு ஏன் முக்கியம்? நம் மண்ணின் பாட்டு சுரங்களில் மட்டும் இல்லை; சுரங்களுக்கு இடையிலுள்ள வழியில் இருக்கிறது. நாகூர் ஈ. எம். ஹனீபாவின் குரலை நினைத்துப் பாருங்கள். அவர் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் படியேறவில்லை, தவழ்ந்து சென்றார். தாலாட்டுப் பாடும் தாயின் குரலும் அவ்வாறே. கட்டை கட்டையாகப் பிரிந்த கீபோர்டில் அந்தத் தவழல் எளிதில் அகப்படாது.

இதை நன்கு உணர்ந்தவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த ஏ. ஆர். ரஹ்மான். ஒன்பது வயதில் தந்தையை இழந்து, தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை அவர். இளவயதிலேயே பிறருடைய குழுக்களில் கீபோர்டு வாசித்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' அவருடைய முதல் திரைப்படம். அதில் கதாநாயகியின் ஊராக வரும் சுந்தரபாண்டியபுரம், நம் தென்காசியின் பக்கத்து ஊர்தான். அமெரிக்காவைச் சேர்ந்த லிப்போல்ட் ஹாக்கன் உருவாக்கிய 'கன்டினுவம்' என்னும் கருவியைப் பிற்காலத்தில் அவர் கையாளத் தொடங்கினார். கட்டைகளே இல்லாத மென்மையான சமதளம் அது. விரல் எங்கெல்லாம் நகர்கிறதோ அங்கெல்லாம் சுருதியும் நகரும். 2009-இல் வந்த 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாடலின் இறுதிப் பகுதியில் ஒலிப்பது அந்தக் கருவியே. சொற்கள் முடிந்த பிறகு ஒரு குரல் தொடர்ந்து பாடுவது போலிருக்கும்; அங்கே குரல் இல்லை, விரல்தான் இருக்கிறது. அதே ஆண்டில்தான் ஆஸ்கர் மேடையில் நின்று, எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று தமிழில் சொன்னார்.

தென்காசி மாடி அறையில் நாம் கண்ட பலகை அந்தக் கருவியின் வழியில் வந்த எளிய உறவு எனலாம். பிள்ளை அதைக் கொண்டு செய்துகொண்டிருந்ததோ இன்னும் விந்தையானது. உலகிலேயே மிக விறைப்பான குரலை, பழைய கேம் சில்லின் சதுர அலையை எடுத்துக்கொண்டு, உலகிலேயே மிக நெகிழ்வான கருவியால் அதைப் பாடவைக்க முயன்றுகொண்டிருந்தான்.

வாப்பாவின் கவலை பொய்யன்று

இவ்வளவும் சொன்ன பிறகு, பெற்றோரின் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மார்க்கம் பற்றிய கவலை. நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களுள் பெரும்பான்மையோர் நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் கூடாது என்றே கூறியுள்ளனர். மதுவோடும் பட்டோடும் இசைக்கருவிகளையும் சேர்த்துக் கண்டிக்கும், புகாரியில் இடம்பெற்ற நபிமொழி அவர்களுடைய முதன்மையான ஆதாரம். பெருநாள் அன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் தஃப் தட்டிப் பாடியதை அபூபக்கர் (ரலி) கடிந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியும் அதே புகாரியில்தான் இருக்கிறது. அந்தலூஸியாவின் இப்னு ஹஸ்ம் முதலில் சொன்ன நபிமொழியின் அறிவிப்புத் தொடரை விமர்சித்து, கருவிகளுக்கு அனுமதி உண்டு என்றார். இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில், கேட்பவரின் உள்ளம், பாடற்பொருள், சூழல் என்று பல நிபந்தனைகளை வைத்து இதை ஆராய்ந்தார். ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. அது ஆலிம்களின் பணி. எந்தக் கருத்தைப் பின்பற்றும் குடும்பமும் நம் மதிப்புக்குரியதே.

நம் மண்ணின் வரலாற்றையும் மறந்துவிடலாகாது. தென்காசியில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து, தக்கலையில் அடங்கியிருக்கும் ஞானமாமேதை பீர்முகம்மது அப்பா அவர்களின் பாடல்களை இன்றும் மக்கள் கூடி இராகத்துடன் ஓதுகின்றனர். தறியில் கையும் பாட்டில் நாவுமாக வாழ்ந்த ஒருவரை ஈன்ற ஊர் இது. நம் திருமண ஊர்வலங்களில் தப்ஸ் முழங்கிய காலத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். ஒலியோடு நமக்குள்ள உறவு நேற்று வந்ததன்று.

இரண்டாவது, நேரம் பற்றிய கவலை. மக்களுள் பெரும்பாலோர் இழப்புக்குள்ளாகும் இரண்டு அருட்கொடைகள் ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் என்ற நபிமொழியை நாம் அறிவோம். நள்ளிரவு இரண்டு மணிவரை ஒரே நான்கு வினாடி இசைத்துண்டைத் திருத்திக்கொண்டிருப்பவனுக்கு ஃபஜ்ரு தவறுவது வியப்பன்று. கருவி ஆகுமா ஆகாதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஃபஜ்ரு கடமையா இல்லையா என்பதில் எந்த வேறுபாடும் இல்லை.

மூன்றாவது, பணம். இத்தகைய பலகைகள் மலிவானவை அல்ல. அவன் விடுமுறையில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் பயன்படுத்தியதையே வாங்கியிருந்தான். அது நமக்கு ஆறுதலாயிருந்தது. ஆனால் வட்டியோடு கூடிய மாதத் தவணையில் இவற்றை வாங்கும் இளைஞர்களும் உண்டு. விலை கொடுக்க வேண்டிய மென்பொருளைத் திருட்டு நகலாக இறக்கிக்கொள்வோரோ இன்னும் அதிகம். இசை ஹலாலா என்று மணிக்கணக்கில் விவாதிக்கும் நாம், இவ்விரண்டையும் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. 'சர்ஜ் எக்ஸ்டி' போன்ற மென்பொருள்கள் எவருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. எம்.பி.இ. முறையை ஏற்கும்; சதுர அலையும் தரும். திருட வேண்டிய தேவையே இல்லை.

நம் கருத்து

விளையாடுவதையும் படைப்பதையும் ஒரே தராசில் நிறுத்துவது பெரும் பிழை என்பதே நம் உறுதியான கருத்து.

ஒரே அறை, ஒரே கணினி, ஒரே கீச்சுக் குரல். ஆனால் உள்ளே நிகழ்பவை இருவேறு செயல்கள். விளையாடுபவன் பிறர் வகுத்த பாதையில் ஓடுகிறான். அவனை அங்கேயே இருத்திவைப்பதற்காகவே அந்தப் பாதை வகுக்கப்பட்டிருக்கிறது. படைப்பவன் ஐந்து தடங்களை முன்னே வைத்துக்கொண்டு, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுக்கிறான். அவனுக்கு அலைவரிசைக் கணக்கு தெரிய வேண்டும்; பொறுமை வேண்டும்; பிழையை ஒப்புக்கொள்ளும் மனம் வேண்டும். தறியில் அமர்ந்த நெசவாளிக்கு வேண்டியவையும் இவைதாம்.

நம் முன்னோர் இதைத் தொழிலறிவாகவே கண்டனர். 9-ஆம் நூற்றாண்டின் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள், நீரின் விசையால் தானே இயங்கி வாசிக்கும் குழலொன்றை வடிவமைத்து அதன் அமைப்பை எழுதிவைத்தனர். முனைகள் பதித்த உருளை சுழலச் சுழல, குழலின் துளைகள் திறந்து மூடும். முனைகளை மாற்றினால் மெட்டும் மாறும். இன்று கணினியில் இசைக் கட்டளைகளை வரிசைப்படுத்தும் முறையின் மூதாதை அது. அல் ஜஸரீ 1206-இல் நிறைவு செய்த நூலில், பொம்மை இசைவாணர்கள் அமர்ந்த தானியங்கிப் படகொன்றின் அமைப்பு விளக்கப்பட்டுள்ளது. நீரையும் கணக்கையும் ஒலியையும் ஒன்றாகச் சிந்தித்த மரபு நம்முடையது. அருவி ஊரில் பிறந்த பிள்ளை அந்த வழியில் ஓர் அடி வைத்தால் அதை 'கேம் பைத்தியம்' என்று தள்ளிவிடலாமா?

ஆகவே பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. தீர்ப்புக்கு முன் ஒருமுறை மாடிப்படி ஏறுங்கள். "என்ன செய்கிறாய், எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். உங்கள் வீட்டு முடிவு 'வேண்டாம்' என்பதாகவே இருந்தாலும், பார்த்த பின் சொல்லும் 'வேண்டாம்' வேறு. பாராமல் சொல்லும் 'வேண்டாம்' வேறு. முன்னதைப் பிள்ளை ஏற்காவிட்டாலும் மதிப்பான். பின்னது அவனுக்கு மறைக்கக் கற்றுக்கொடுக்கும். மறைக்கப் பழகிய பிள்ளை இசையை மட்டும் மறைப்பதோடு நிற்பானா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கருவியே கூடாது என்ற கருத்தில் உறுதியாய் இருக்கும் இல்லங்களிலும் வழி அடைபடவில்லை. ஒலியைப் பதிவு செய்து சீராக்கும் கலையும், பாடச் செயலிகளுக்கும் குழந்தைகளுக்கான கதைகளுக்கும் மழை, காற்று, காலடி ஓசைகளை அமைக்கும் பணியும் அதே திறமையைத்தான் கேட்கின்றன. தடுக்கும்போதே வேறொரு வாயிலைத் திறந்துவிடுவது தந்தையின் கடமை.

பிள்ளைகளுக்கும் சில சொற்கள்

இளைஞர்களே, உங்களிடமும் சொல்ல வேண்டியவை உண்டு.

தொழுகையின் நேரம் வந்தால் விரல் பலகையை விட்டு எழ வேண்டும். அழைப்போசை கேட்டும் 'இந்த ஒரு துண்டை மட்டும் முடித்துவிடுகிறேன்' என்று அமர்ந்திருந்தால், கருவி உங்கள் கையில் இல்லை. நீங்கள் அதன் கையில் இருக்கிறீர்கள்.

அல்லாஹ்வின் வேதத்தையும் பாங்கொலியையும் எந்த நிலையிலும் இந்த ஒலிகளோடு கலக்காதீர்கள். அழகிய குரலுக்கு நம் மார்க்கத்தில் உயர்ந்த இடம் உண்டு. அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களின் ஓதுதலைச் செவியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூத் (அலை) குடும்பத்தாரின் இனிய குரலோடு அதை ஒப்பிட்டார்கள். அந்த இடம் குரலுக்கும் உள்ளத்துக்கும் உரியது. கேம் ஓசையோடு சேர்த்து விளையாடும் பொருளன்று.

இன்னொன்று கலை பற்றியது. ஜப்பானிய இசையமைப்பாளர்கள் 40 ஆண்டுகளுக்கு முன் செய்ததை அப்படியே திரும்பச் செய்வதற்கு, வளைந்து குழையும் கருவி எதற்கு? அவர்கள் தங்கள் வறுமைக்குள் தங்கள் காதுகளுக்குப் பழகிய இசையைக் கொண்டுவந்தனர். நீங்கள் உங்கள் காதுகளைக் கொண்டுவாருங்கள். இரைச்சல் தடத்தில் நம் ஊர்த் தப்ஸின் நடையை முயலலாம். சதுர அலையில் உம்மாவின் தாலாட்டு நெளிவை வரவழைக்கலாம். வரம்புகளையும் மதியுங்கள். உரப்பில் 16 நிலைகள்தான் என்று நீங்களே விதித்துக்கொண்டால், அழுத்தும் விரலும் தன் அளவை அறிந்து அழுத்தும். அளவின்றிக் கிடைக்கும்போது அருமை தெரிவதில்லை என்பதை ஆண்டுதோறும் நோன்பு நமக்குக் கற்றுத்தருகிறதல்லவா?

அன்றிரவு நடந்தது

"வாப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்ற பிள்ளைக்கு நாம் வாக்களிக்கவில்லை. கீழே சென்று கோள் சொல்லவுமில்லை. "நாளைக்குள் நீயே சொல்லிவிடு, அருகில் நாம் இருக்கிறோம்" என்று மட்டும் கூறினோம்.

இஷாவுக்குப் பிறகு, சாப்பாடு முடிந்த நேரத்தில், அவனே பலகையைக் கூடத்துக்கு எடுத்து வந்தான். வாப்பாவின் முகம் இறுகியது. பெரியவர்கள் சிலர் எழுந்து போய்விட்டனர். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவன் ஹெட்போனை வாப்பாவிடம் நீட்டி, தான் அமைத்ததைக் கேட்கச் சொன்னான். அதற்கு அவன் வைத்திருந்த பெயர் 'ஐந்தருவி'. ஐந்து தடங்கள், ஐந்து கிளைகள். இரண்டு சதுர அலைகள் அருகருகே விழும் நீராக ஒன்றையொன்று துரத்தின. முக்கோண அலை பாறைபோல் அசையாமல் கீழே நின்றது. ஐந்தாம் தடத்தில், குளிக்கச் சென்றபோது கைப்பேசியில் பதிந்த தண்ணீர்ச் சொட்டின் ஓசை ஒன்று. நான்காவதான இரைச்சல் தடம்தான் நம்மை வியக்கச் செய்தது. சில்லில் அது வெறும் ஒழுங்கற்ற எண்களின் ஓட்டம். அருவியின் பேரிரைச்சலுக்கு இயந்திரம் தரக்கூடிய மிக நெருங்கிய ஒலியும் அதுவே. விரலின் அழுத்தத்தால் அவன் அதை, சாரலில் காற்றடிக்கும்போது அருவி சாய்ந்து விலகுவதைப் போல் ஏற்றி இறக்கியிருந்தான்.

வாப்பா முழுவதும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றியவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இது அருவிச் சத்தம்லா!" என்றார்.

அத்துடன் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. "ஃபஜ்ருக்கு எந்திரிச்ச நாள்ல மட்டும் இதைத் தொடு. போச்சுன்னா அன்னிக்குப் பெட்டி அலமாரிக்குள்ள. பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட நீயே போய்க் கேளு. அவர் என்ன சொன்னாலும் என்கிட்ட மறைக்கக் கூடாது" என்றார். பிள்ளை தலையசைத்தான். ஹஜ்ரத் என்ன சொல்வார், அவன் என்ன முடிவெடுப்பான் என்பதெல்லாம் இனி நடக்க வேண்டியவை. ஆனால் மறுநாள் அதிகாலை, பள்ளிவாசலுக்குப் புறப்பட்டபோது வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகளுக்குப் பதில் மூன்று இருந்தன.

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்ற நபிமொழியைக் குழந்தைகளுக்கு முதற்பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த எண்ணத்தைக் கேட்டறியும் பொறுமையைப் பெற்றோருக்கும், கேட்குமுன் மறைக்காமல் சொல்லும் துணிவைப் பிள்ளைகளுக்கும் வல்ல நாயன் தந்தருள்வானாக. ஆமீன்.